யாருக்கு எழுதினார் பி.என். போஸ்?

டாட்டா எஃகு ஆலை நகரமான ஜாம்ஷெட்பூர் உருவான கதையைச் சொல்பவர்கள் நாக்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்ததும் குரலைக் கொஞ்சம் உயர்த்துவார்கள். ஜம்சேத்ஜி டாட்டாவின் மகன் தோராப்ஜி சாந்தா மாவட்டத்தில் இரும்புத்தாது தேடிச் சலித்துப்போய், இந்த முயற்சியை விட்டுவிடுகிறோம் என்று அரசாங்கத்திடம் சொல்ல நாக்பூருக்கு வருகிறார். பார்க்க வேண்டிய அதிகாரி இடத்தில் இல்லை. பொழுதைப் போக்க எதிரே இருந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறார். அங்கே மத்திய மாகாணங்களின் நிலவியல் வரைபடம் ஒன்று. துர்க் (இன்றைய சத்தீஸ்கர்) பக்கம் இரும்பைக் குறிக்கும் அடர்ந்த நிறம் பூசியிருக்கிறது. பிறகென்ன, மலை கிடைத்துவிட்டது!

நல்ல கதைதான். நடந்ததும்தான். ஆனால் இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன எரிச்சல் வரும். வரைபடத்தில் நிறம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. அந்தக் காட்டில் நடந்து, பாறையை உடைத்துப் பார்த்து, அதைப் பற்றி எழுதி அச்சிட்ட ஒருவர் இருந்தார். அவர் எழுதியது 1887-லேயே கல்கத்தாவில் வெளியாகிவிட்டது. தோராப்ஜி நாக்பூருக்கு வந்தது அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அத்தனை காலமும் அந்த மலை எல்லோர் கண்ணுக்கும் எட்டும்படி அச்சில் கிடந்தது.

எழுதியவர் பிரமதநாத் போஸ். சுருக்கமாக பி.என். போஸ். ஜகதீஷ் சந்திர போஸோ சத்யேந்திரநாத் போஸோ இல்லை. போஸ் என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வரும் வரிசையில் இவர் ரொம்பப் பின்னால்தான் வருவார். பழைய நிலவியல் அறிக்கைகளைப் புரட்டும் கிறுக்கு எனக்கு இல்லாவிட்டால் நானும் இவரைத் தாண்டிப் போயிருப்பேன்.

1855 மே 12-ஆம் தேதி வங்காளத்தில் கைப்பூர் என்ற கிராமத்தில் பிறந்தவர். கிருஷ்ணநகரிலும் கல்கத்தாவிலும் படித்தார். 1874-இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று லண்டனுக்குப் போனார். லண்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம், அதன்பிறகு ராயல் ஸ்கூல் ஆஃப் மைன்ஸில் படிப்பு. டார்வினுக்காக மேடை மேடையாக வாதாடிய ஹக்ஸ்லி அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. படிப்பு முடிந்ததும் போஸ் எழுதிய முதல் ஆய்வு இரும்பைப் பற்றியதோ நிலக்கரியைப் பற்றியதோ இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த, சிவாலிக் மலைகளிலிருந்து போன ஊனுண்ணி விலங்குகளின் புதைபடிவங்களைப் பற்றியது. இந்தியாவில் தோண்டியெடுத்து லண்டன் அலமாரியில் வைத்ததை லண்டனுக்குப் போன இந்தியர் ஒருவர் விவரித்து எழுதினார்.

படித்த நேரம் போக அரசியலும் பேசினார். லண்டனில் இருந்த இந்திய மாணவர்களோடு சேர்ந்து கூட்டங்களில் பிரிட்டிஷ் ஆட்சியைக் குறை சொல்லிப் பேசியவர். இந்த ஆள் இங்கே இருந்து பேசுவதைவிட இந்தியாவில் பாறை பார்ப்பது மேல் என்று நினைத்துத்தான் வேலையைக் கொடுத்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. எது எப்படியோ, 1880-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் அதிகாரி நிலைப் பணியிடம் கிடைத்தது. அந்த நிலைக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

அவருக்கு முன்பே அந்தத் துறையில் இந்தியர்கள் இருந்தார்கள். ராம் சிங், கிஷன் சிங், ஹீரா லால் ஆகியோர் 1870-களில் பயிற்சியாளர்களாகச் சேர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் உதவியாளர் படியிலேயே நிறுத்தப்பட்டவர்கள். அப்போது துறைத் தலைவராக இருந்த மெட்லிகாட் பெரிய நிலவியலாளர். ‘கோண்ட்வானா’ என்று இன்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்கிற பெயரைப் பாறைத் தொகுதிக்கு வைத்தவர். இயற்கை அறிவியலில் சொந்தமாக ஆராயும் திறமை இந்தியர்களுக்குக் கிடையாது என்பது அவருடைய உறுதியான கருத்து. லண்டனில் நியமன ஆணை வாங்கிக்கொண்டு வந்த ஒருவரை அவரால் திருப்பி அனுப்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் துறை 1851-இல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் தொடங்கப்பட்டதே நிலக்கரிக்காக. கப்பலுக்கும் ரயிலுக்கும் கரி வேண்டும். அது எங்கே இருக்கிறது, எத்தனை கனம், எடுத்தால் கட்டுமா என்று சொல்ல ஆள் வேண்டும். மழை ஓய்ந்ததும் நிலவியலாளர்கள் கூடாரத்தோடு கிளம்புவார்கள். கையில் சுத்தியல், திசைகாட்டி, பாறை அடுக்கு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று அளக்கும் கருவி, நில அளவைத்துறையின் வரைபடத் தாள். ஓடைப் படுகையில் கனமான கல் ஒன்று கிடந்தால், அது எங்கிருந்து உருண்டு வந்தது என்று ஓடையை எதிர்த்து ஏறிப் பார்க்க வேண்டும். கல்லை வெள்ளைப் பீங்கானில் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு விழுகிறதா? அப்படியானால் ஹெமடைட், நல்ல இரும்புத்தாது. வெயில் ஏறி மழை வருவதற்குள் கல்கத்தா திரும்பி, வரைபடத்துக்குக் கையாலேயே நிறம் பூசி, அறிக்கை எழுத வேண்டும். மறுபடி குளிர்காலம், மறுபடி கூடாரம். போஸ் இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் இப்படி அலைந்தார். நர்மதைப் பள்ளத்தாக்கு, ரேவா, டார்ஜிலிங் பக்கம் நிலக்கரி, சிக்கிமில் செம்பு, பர்மாவில் தெனாசரிம் என்று நீண்ட பட்டியல் அது. நான் இங்கே அதையெல்லாம் தாண்டிப் போகிறேன், ராய்ப்பூரில் நிற்பதற்காக.

1887-இல் அத்துறையின் ஏட்டில் வந்த அவருடைய குறிப்பின் பொருள், ராய்ப்பூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் நடந்த இரும்புத் தொழில். இதைக் கவனிக்க வேண்டும். இரும்புத்தாதைப் பற்றி மட்டும் இல்லை, இரும்புத் தொழிலைப் பற்றி. அங்கே ஏற்கெனவே இரும்பு உருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுயரம்கூட இல்லாத மண் உலை, காலால் மிதிக்கும் துருத்தி, காட்டில் சுட்டெடுத்த மரக்கரி, மலையிலிருந்து பொறுக்கிவந்த தாது. அகரியா போன்ற சமூகங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை. உலை இருந்த இடமெல்லாம் கசடு குவிந்து கிடக்கும். தாது எங்கே என்று கேட்டால் ஊர்க்காரர் கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் காலத்து நிலவியலாளர் பலருக்கும் முதல் தடயம் இப்படித்தான் கிடைத்தது. நாக்பூர் வரைபடத்தில் நிறம் பூசியிருந்தது இந்தப் பகுதியின் தல்லி-ராஜ்ஹரா மலைதான். ஆகவே அதை போஸ் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உருக்குபவர்களுக்குத் தெரிந்த மலையை அவர் வரைபடத்துக்குக் கொண்டுவந்தார். அதுவும் சின்ன வேலை இல்லை. உருக்குபவர்களுக்குத் தேவை கூடை கூடையாகத் தாது. மலை முழுக்க எவ்வளவு இருக்கும், எந்தப் பாறை அடுக்கோடு சேர்ந்து வருகிறது, அதே அடுக்கு வேறெங்கே தலைகாட்டும் என்ற கேள்விகள் அவர்களுக்கு எழவேண்டிய அவசியமே இல்லை. போஸின் வேலை அந்தக் கேள்விகள்தான்.

சரி, இவ்வளவு நல்ல தாது என்று அச்சிலேயே வந்த பிறகும் ஏன் ஒருவரும் அசையவில்லை?

ரயில் பாதை அந்த மலையடிக்கு எட்டவில்லை என்பது ஒரு காரணம். சுரங்க உரிமம் வாங்கும் விதிகள் தனியார் எவரையும் சோர்ந்து உட்காரவைக்கும் அளவுக்குச் சிக்கலாக இருந்தன. வைஸ்ராய் கர்சன் காலத்தில், 1899-இல்தான் தளர்ந்தன. அரசு தன் கையில் வைத்திருந்த பராக்கர் இரும்பு ஆலையையும் கொஞ்ச காலம் நடத்திவிட்டு விற்றுவிட்டது. ரயில் தண்டவாளம் கப்பலில் பிரிட்டனிலிருந்து வந்துகொண்டிருந்தது, அதில் யாருக்கும் குறையில்லை. இந்தச் சூழலில் நிலவியல் அறிக்கையை யார் படிப்பார்கள்? இன்னொரு நிலவியலாளர் படிப்பார். நூலகத்தில் கட்டுப்போட்டு வைப்பார்கள். போஸ் அதை எழுதியது தன் மேலதிகாரிக்கு. மேலதிகாரி அதைப் பெற்றுக்கொண்டார். விஷயம் அங்கே முடிந்தது.

இன்னொரு பக்கம் ஜம்சேத்ஜி டாட்டா 1882-லேயே சாந்தா மாவட்ட இரும்பைப் பற்றி ரிட்டர் ஃபோன் ஷ்வார்ட்ஸ் என்பவர் எழுதிய அறிக்கையைப் படித்துவிட்டு, எஃகு ஆலைக் கனவோடு இருந்தார். அறிக்கை எழுதியவர் ஒருபுறம், அறிக்கைக்காக ஏங்கியவர் மறுபுறம், இருவரும் ஒரே நாட்டில். நடுவில் ஓர் அஞ்சல்தலை ஒட்டப்படவில்லை.

1882-இல் போஸ் ரமேஷ் சந்திர தத்தின் மகள் கமலாவை மணந்தார். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து, பின்னாளில் பிரிட்டிஷ் ஆட்சி இந்தியத் தொழில்களை எப்படி நசுக்கியது என்று பொருளாதார வரலாறு எழுதிய அதே தத். மாமனாருக்கும் மருமகனுக்கும் ஏழே வயது வித்தியாசம். அந்த வீட்டுச் சாப்பாட்டு நேரப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். போஸே 1890-களில் பிரிட்டிஷ் ஆட்சிக் கால இந்து நாகரிகத்தின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். பகலில் பாறை, இரவில் வரலாறு. (இவர்களுடைய மகன் மது போஸ் திரைப்பட இயக்குநரானார் என்பதையும் சொல்லிவைக்கிறேன், வங்காளப் படம் பார்ப்பவர்களுக்காக.)

1903-இல் துறைத் தலைவர் பதவி காலியானது. இருபதாண்டுக்கு மேல் பணியாற்றிய போஸைத் தாண்டி, அவரைவிடப் பத்தாண்டு பின்னால் பணிக்கு வந்த தாமஸ் ஹாலந்துக்கு அந்த நாற்காலி போயிற்று. ஹாலந்து சாதாரண ஆள் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் குவாரிகளில் உடைக்கிற கருநீலப் பாறைக்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டு உலகுக்கு அறிமுகம் செய்தவர் அவர்தான். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின், அந்த ஊரிலேயே இருக்கும் கல்லறைக் கல் அந்த வகைப் பாறை. பெயர் அங்கிருந்து வந்தது. சேலத்து இரும்புத்தாதையும் ஆராய்ந்தவர். திறமையில் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் போஸின் இடத்தில் ஓர் ஆங்கிலேயர் இருந்திருந்தால் பத்தாண்டு மூப்பை இவ்வளவு சுலபமாகத் தாண்டியிருப்பார்களா? தாண்டியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். போஸின் எண்ணமும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்; அந்த ஆண்டே வேலையை விட்டார்.

விட்டவரை மயூர்பஞ்ச் சமஸ்தானம் அழைத்துக்கொண்டது. இன்றைய ஒடிசாவின் வடக்கு மூலை. மன்னர் ஸ்ரீராம் சந்திர பஞ்ச் தேவுக்குத் தன் மலைகளில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். போஸ் தேடினார். கோருமஹிசானி மலையில் அடர்த்தியான, தரமான இரும்புத்தாது.

இங்கேதான் அவர் வேறொன்று செய்தார். 1904 பிப்ரவரி 24-ஆம் தேதி ஜம்சேத்ஜி டாட்டாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்ன இடத்தில் இப்படித் தாது இருக்கிறது, ஜரியா நிலக்கரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று. ஏட்டில் வரும் குறிப்பு இல்லை இது. துறை வழியாகப் போய் அடுக்கில் உறங்கும் கோப்பும் இல்லை. இரும்பைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, இரும்பு எங்கே என்று தெரிந்த ஒருவர் நேராக எழுதியது. 1887-இல் அரசு ஊழியரான போஸால் இப்படி எழுதியிருக்க முடியுமா என்றால், அந்தப் பணியின் ஒழுங்கு அதற்கு இடம் கொடுத்திருக்காது. பதவி கிடைக்காமல் போனது கடிதம் எழுதும் கையை விடுவித்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனாலும் முற்றிலும் பொய்யில்லை.

ஜம்சேத்ஜி அந்த ஆண்டு மே 19-ஆம் தேதி ஜெர்மனியில் காலமானார். கடிதம் போய்ச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

டாட்டாக்கள் அமர்த்திய அமெரிக்கப் பொறியாளர் பெரின் அனுப்பிவைத்த நிலவியலாளர் சி.எம். வெல்ட் தோராப்ஜியோடு தாது தேடினார். சாந்தா ஏமாற்றியது. நாக்பூர் வரைபடமும் போஸின் பழைய அறிக்கையும் அவர்களைத் தல்லி-ராஜ்ஹராவுக்கு அழைத்துப் போயின. ஏறி நடந்தால் காலடியில் உலோகம்போல் ஒலித்த மலை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தாது அருமை, ஆனால் நல்ல கோக் (நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டெடுக்கும் உலை எரிபொருள்) ஆகும் நிலக்கரியும் போதுமான நீரும் பக்கத்தில் இல்லை. கையில் பொன்மலையே இருந்தாலும் உருக்க வழி வேண்டும். அன்றைய ஊதுலைகளில் ஒரு டன் வார்ப்பிரும்பு எடுக்க ஒரு டன்னைத் தாண்டி கோக் தேவைப்பட்டது; அந்த கோக்குக்கு அதைவிடக் கூடுதலாக நிலக்கரி. ஆகவே தாது கரியைத் தேடிப் போகும், கரி தாதைத் தேடி வராது. நம் பரங்கிப்பேட்டையில் 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் சேலத்துத் தாதைக் கொண்டுவந்து இரும்பு உருக்கிய ஆலையும் எரிபொருளில்தான் தடுமாறியது. அங்கே நிலக்கரி இல்லை, மரக்கரிக்குக் காடுகளை வெட்ட வேண்டியிருந்தது.

அப்போதுதான் டாட்டாக்களுக்கு மயூர்பஞ்ச் கடிதம் கனத்தது. கோருமஹிசானித் தாது தரத்தில் ராஜ்ஹராவுக்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் ஜரியா கரி பக்கம். மன்னரும் இணங்கினார். இடம் தேடி அலைந்து, சுபர்ணரேகாவும் கர்க்காயும் கூடும் இடத்தருகே சாக்சி என்ற சிற்றூரில் வந்து நின்றார்கள். 1907 ஆகஸ்டில் நிறுவனம் பதிவானது. லண்டனில் முதல் திரட்ட முயன்று பலிக்காமல் பம்பாயில் பங்கு வெளியிட்டார்கள். சுதேசிக் காற்று வீசிய நேரம், மூன்று வாரத்துக்குள் சுமார் 8,000 இந்தியர்கள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டார்கள். 1911 டிசம்பரில் முதல் வார்ப்பிரும்பு, 1912 பிப்ரவரி 16-இல் முதல் எஃகு. உலைக்குள் போனது கோருமஹிசானித் தாது. சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் வந்தது 1919-இல்.

போஸ் அந்த நேரத்தில் வேறெங்கோ இருந்தார். 1906-இல், தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பல் நிறுவனம் தொடங்கிய அதே ஆண்டில், கல்கத்தாவில் வங்காளத் தொழில்நுட்பக் கழகம் பிறந்தது. அதன் முதல் முதல்வர் போஸ். அந்தக் கழகம் வளர்ந்து வளர்ந்து இன்று ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக நிற்கிறது.

ராஜ்ஹரா மலை வீணாகிவிடவில்லை. ஐம்பதாண்டு கழித்து, சோவியத் உதவியோடு பிலாய் எஃகு ஆலை வந்தது. 1959 பிப்ரவரியில் முதல் ஊதுலையை ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். தாது தல்லி-ராஜ்ஹராவிலிருந்து. இந்திய ரயில்வேயின் தண்டவாளத்தில் பெரும்பங்கு பிலாயில் உருட்டியது. சென்னையிலிருந்து எந்தத் திசையில் ரயிலேறினாலும் 1887 குறிப்பில் வந்த மலையின் மேல் கொஞ்ச தூரமாவது போகாமல் இருக்க முடியாது. அந்தச் சுரங்கத்தில் கையால் தாது உடைத்தவர்களின் கூலிக்காகத்தான் 1977-இல் சங்கர் குகா நியோகியின் சங்கம் எழுந்தது. தொழிலாளர்களே காசு போட்டு மருத்துவமனையும் கட்டினார்கள். 1991-இல் நியோகி சுட்டுக் கொல்லப்பட்டார். வரைபடத்தில் பூசிய நிறத்துக்குப் பின்னால் இதெல்லாம் வரும் என்று எந்த நிலவியலாளராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆனால் போஸுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. அவருடைய பிற்கால எழுத்து அதைத்தான் காட்டுகிறது. ராஞ்சியில் வசித்தபடி அவர் எழுதிய நூல்களில், மேற்கத்திய இயந்திரத் தொழில் நாகரிகத்தை இந்தியா அப்படியே பின்பற்றுவதைக் கடுமையாகச் சாடினார். கிராமமும் கைத்தொழிலும் அழிய, தேவைகள் மட்டும் பெருகும் வாழ்க்கை முன்னேற்றமா என்று கேட்டார். எஃகு நகரத்துக்கு வழிகாட்டிய கைதான் இதையும் எழுதியது. இந்த முரணைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண் உலையில் இரும்பு உருக்கியவர்களைப் பற்றி முப்பது வயதில் எழுதிய ஒருவர், அறுபதில் அந்த உலைகள் அணைந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். அவருடைய விடைகளில் சில எனக்கு ஒப்பவில்லை. பழைய சமூக அமைப்பின்மீது அவர் வைத்த பரிவு பல இடங்களில் அளவு மீறுகிறது. ஆனால் கேள்வி கேட்கும் தகுதி அவரைவிட யாருக்கு இருந்தது?

1916-இல் அரசு இந்தியத் தொழில் ஆணையத்தை அமைத்தது. இந்தியாவில் பெருந்தொழில்களை வளர்க்க அரசே முன்வர வேண்டும் என்று பின்னர் அது பரிந்துரைத்தது. அதன் தலைவர் சர் தாமஸ் ஹாலந்து, 1903-இல் போஸைத் தாண்டிப் போனவர். போஸ் தொழில் நாகரிகத்தைச் சாடி எழுதிய ‘புதிய இந்தியாவின் மாயைகள்’ நூல் வெளிவந்ததும் அதே 1916-இல்தான்.